போனைப் பூட்டி வைத்துவிட்டு பஸ் ஓட்டியவள்

என் இளைய மகள் டவுன் பஸ் ஓட்டுகிறவள். டிப்போவில் அவளுக்குப் 'பஞ்சு' என்று பெயர். அவள் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்கூட ஆட மாட்டார். முட்டை அட்டைகளோடு ஏறும் கடைக்காரர்கள் முன்னால் வந்த வண்டியை விட்டுவிட்டு அவள் வண்டிக்காக நிற்பார்கள். நான் பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை, ஏறிப் போனவர்களைக் கேளுங்கள். அப்பேர்ப்பட்டவள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, பயணிகள் மறந்து வைத்துவிட்டுப் போகும் குடைகளையும் டிபன் டப்பாக்களையும் அடுக்குகிற அறையில் போய் உட்கார்ந்தாள். ஏன் உட்கார்ந்தாள், எப்படி எழுந்தாள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். எனக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் எழுதுகிறாள். அழகுபடுத்துகிறேன் என்று எதையும் மாற்றக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருக்கிறேன்.

அவளுக்கு ஒரே பெண். குழந்தை மூன்றாவது படிக்கும்போது சர்க்கரை வந்தது. எங்கள் வயதுக்காரர்களுக்கு வருவது வேறு, இது வேறு. டைப் ஒன் என்கிறார்கள். இனிப்புத் தின்றதால் வந்ததில்லை, யாருடைய தப்பும் இல்லை. உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் அளவு பார்த்து ஊசி போட வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். உடனே இனிப்பு உள்ளே போகாவிட்டால் கை நடுங்கி, வியர்த்து, மயக்கத்தில் கொண்டுபோய் விடும். சர்க்கரை உள்ள பெண்ணுக்கு இனிப்புத்தான் உயிர் காக்கும் என்பதை எங்கள் தெருவுக்குப் புரியவைத்தே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

இப்போது பேத்தியின் புயத்தில் காசு அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கிறது. அது சர்க்கரை அளவைப் போனுக்கு அனுப்பும். எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி: ஏறுகிறதா, இறங்குகிறதா என்று காட்டும். அதே எண் அம்மாவின் போனிலும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். அங்கேதான் வினை.

பேத்திக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஹாஸ்டல். டிப்போவிலோ வண்டி எடுக்கும் முன் ஓட்டுநர் போனை லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். ஷிப்ட் முடிந்தால்தான் கையில் கிடைக்கும். என் மகள் மேனேஜரிடம் போய், எனக்கு வண்டி வேண்டாம், குடை அறையைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மருமகன் அதே டிப்போவில் மெக்கானிக். "நான் பாத்துக்கறேன், நீ வண்டிய எடு" என்று சொல்லிப் பார்த்தார்.

"நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி ஆயிடுமா? கையெல்லாம் கிரீஸு. துடைச்சிட்டு போனைத் தொடறதுக்குள்ள புள்ள மயங்கியே போயிடுவா."

அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். பேசிப் பயனில்லை என்று கல்யாணமான வருஷமே தெரிந்துகொண்டவர்.

குடை ஒரு கையில், போன் ஒரு கையில் என்று அவள் நாள் போனது. எழுபதுக்குக் கீழே போனால்தான் பயப்பட வேண்டுமாம்; இவளுக்கு எண் கொஞ்சம் அசைந்தால் போதும், கூப்பிடுவாள்.

"எம்பதுக்கு வந்துட்டியே குட்டி, ஏதாவது சாப்பிட்டியா?"

"அம்மா, கிளாஸ்ல இருக்கேன்."

"கிளாஸ்ல வாய் இருக்காதா?"

பேத்தி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஒருநாள் பகலில் அந்தப் பொறுமையும் போயிற்று.

மதியம் செய்முறைத் தேர்வு. அதற்கு முன் கொஞ்சம் கண்ணயரலாம் என்று சென்சார் இருக்கிற கையின் மேலேயே ஒருக்களித்துப் படுத்துவிட்டாள். அப்படி அமுக்கிக்கொண்டு படுத்தால் சென்சார் ஏமாந்துவிடுமாம். இல்லாத இறக்கத்தைக் காட்டுமாம். இங்கே என் மகளின் போன் அலறியது. ஐம்பது, அம்பு கீழே. பெண்ணைக் கூப்பிட்டாள்; அவளோ தேர்வுக்காகப் போனின் சத்தத்தை அணைத்து வைத்திருந்தாள். உடனே வார்டனைக் கூப்பிட்டாள். என்ன சொல்லி அலறினாளோ, அந்த அம்மாள் தச்சரைக் கூட்டிவந்து தாழ்ப்பாளைப் பெயர்த்து, பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்த பெண்ணின் வாயில் ஒரு சொம்பு சர்க்கரைத் தண்ணீரைச் சரித்துவிட்டாள். விரலைக் குத்திச் சரிபார்க்க யாரும் விடவில்லை. நல்லபடியாக இருந்த சர்க்கரை முந்நூறைத் தாண்டிப் போனது. தலைவலி, தாகம், வாந்தி. தேர்வு போயிற்று. வராந்தா முழுக்கப் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் என் மகளின் போனில் எண் வருவது நின்றுவிட்டது. பேத்தி அவளை அதிலிருந்து எடுத்துவிட்டாள்.

"படிச்சு கிழிச்சது போதும். கூட்டிட்டு வந்துடறேன்" என்று மகள் பையைத் தூக்கினாள். நானும் கூடவே ஏறினேன். என்னை வரவேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது.

ஹாஸ்டல் அறை இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், புதுத் தாழ்ப்பாள். என் மகள் அலமாரியைத் திறந்து துணிகளை எடுத்துக் கட்டிலில் போட, பேத்தி திரும்ப அலமாரியில் வைத்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் இதையே செய்துகொண்டிருந்தார்கள்.

பிறகு பேத்தி கேட்டாள்: "நீ வண்டி ஓட்டறப்ப பின்னாலேர்ந்து ஒருத்தர் வந்து ஸ்டியரிங்கப் புடிச்சா என்னம்மா பண்ணுவே?"

"வண்டிய நிறுத்தி, எறங்குடான்னுவேன்."

"அதத்தான் நானும் பண்ணேன்."

என் மகள் கையில் இருந்த சட்டையோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சாயங்காலம் எங்க கூட்டம் இருக்கு. வந்து பாரு. அப்புறம் பெட்டி கட்டலாமா வேணாமான்னு பேசலாம்" என்றாள் பேத்தி.

விளையாட்டு மைதானத்தை ஒட்டிக் கல்லூரியின் மருத்துவ அறை. இன்சுலின் வைக்க அங்கே தனியாக ஒரு சின்னப் பிரிட்ஜ். டைப் ஒன் உள்ள பிள்ளைகள் வாரம் ஒருதரம் அங்கே கூடுகிறார்கள். அறைத் தோழர்களும் வருகிறார்கள். நடத்துகிறவர் ஓர் ஆண் நர்ஸ். வீட்டுக்காரர்கள் ஓரத்து பெஞ்சில் உட்காரலாம், ஆனால் கேட்டால்தான் பேசலாம் என்பது சட்டம். எனக்கு அந்தச் சட்டம் பிடிக்கவில்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

கனத்த கண்ணாடி போட்ட ஒரு பையன், எல்லோரும் அவனைச் 'சோடாபுட்டி' என்றார்கள், பேத்தியைப் பார்த்து, "தாழ்ப்பாள்தானே போச்சு? எங்கம்மா போலீஸுக்கே போன் பண்ணிட்டாங்க. சினிமா தியேட்டர்ல லைட்டப் போட்டு என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நான் யாரோடன்னு வேற எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு" என்றான். அறையே சிரித்தது. என் மகள் சிரிக்கவில்லை.

நர்ஸ் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க கேளுங்கம்மா."

"சக்கரை நெசமாவே எறங்கினா?" என்றாள் மகள்.

பேத்தியின் அறைத் தோழி எழுந்தாள். ரத்தத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும் பெண் என்று பேத்தி சொல்லியிருக்கிறாள். பேத்தியின் பையில் முன் ஜிப்பைத் திறந்து காட்டினாள்: குளுக்கோஸ் மாத்திரை, பழச்சாறு டப்பா. "மொதல்ல எழுப்புவேன் ஆன்ட்டி. விரலக் குத்திப் பாப்போம். நெசமா கம்மின்னா இது குடுப்பேன், கால் மணி கழிச்சு திரும்பவும் பாப்போம். எழுப்பியும் எழுந்திருக்கலன்னா வாயில எதுவும் ஊத்த மாட்டேன், அடைச்சுக்கும். அதுக்குன்னு மருந்து இருக்கு, வார்டன் ரூம்லயும் வெச்சிருக்கோம். குடுத்துட்டு ஆம்புலன்ஸக் கூப்பிடுவேன். நர்ஸ் சார் எங்க எல்லாரையும் ரெண்டு தரம் செஞ்சு காட்டச் சொன்னார்."

"நீதான் ரத்தத்துக்குப் பயப்படுவியாமே."

"இப்பவும் பயம்தான். குத்தறது அவ. நான் நம்பர மட்டும் பாப்பேன்."

இப்போது என் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். தவறிப்போன தேர்வைப் பற்றிக் கேட்டபோது, துறையில் பேசியாகிவிட்டது, அடுத்த வாரம் திரும்ப எழுதுவாள், இனி தேர்வு அறைக்குள் சர்க்கரை மீட்டரும் பழச்சாறும் கொண்டுபோக அனுமதியும் வாங்கியாகிவிட்டது என்றார் நர்ஸ்.

அப்புறம் பேரம். பேரத்தில் பேத்தி அப்படியே நான்தான். கடைசியில் முடிவானது இது: எண் மறுபடி அம்மாவுக்கு வரும். ஆனால் அறைத் தோழியின் போன்தான் முதலில் சத்தம் போடும். இறங்கியது இருபது நிமிஷமாகியும் ஏறாவிட்டால்தான் அம்மாவின் போன் கத்தும். கத்தினாலும் அவள் தோழியைத்தான் கூப்பிட வேண்டும், வார்டனை அல்ல. துணிகள் அலமாரிக்கே திரும்பிப் போயின.

ஊருக்கு வந்த பிறகும் குடை அறையில் அவள் போனைப் பார்த்தபடிதான் இருந்தாள். ஒருநாள் நான் சாப்பாடு கொண்டுபோனபோது எண் இறங்கிக்கொண்டிருந்தது. எண் எனக்குத் தெரியாது, அம்பு தெரியும். கீழே பார்த்தது. அவள் ஒரு குடையின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிடு என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அம்பு மெதுவாகப் படுத்தது, பிறகு நிமிர்ந்தது. போன் கத்தவே இல்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

அவள் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"எனக்கு வண்டி வேணும் சார்."

"இங்க நிழல்ல சொகமா இருந்தீங்களேம்மா."

"சொகமா இருந்தது குடைதான் சார்."

முதல் நாள் நான் அவளுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். லாக்கரைப் பூட்டும்போது சாவியை இரண்டு தரம் திருப்பினாள். முதல் நடையில் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டு வந்தது. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள், மழை பிடித்தது, ஒரு லாரி குறுக்கே வந்தது. கை ஸ்டியரிங்கிலேயே தங்கிவிட்டது.

ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது பேத்தியிடமிருந்து ஒரு செய்தி இருந்தது. எனக்காக உரக்கப் படித்தாள்: "காலைல ஒரு தரம் எறங்குச்சு. ஜூஸ் குடிச்சேன், ஏறிடுச்சு. வண்டி எப்படி இருந்துச்சு?"

என் மகள் பதில் எழுதவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டிக்கு அடியில் படுத்திருந்த புருஷனின் காலைத் தன் கால் நுனியால் தட்டினாள்.

"ஏங்க, பின்னாடி பிரேக்கு லேசாப் புடிக்குது. நான் இல்லாதப்ப எவன்கிட்ட குடுத்தீங்க என் வண்டிய?"