எழிலரசி வாங்கிய கம்ப்யூட்டர்

எழிலரசிக்கு எதைக் கண்டாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பெனி பஸ்ஸில் புதிதாக யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால், ஒரகடம் ரவுண்டானா வருவதற்குள் அவர்கள் ஊர், கம்பெனியில் எந்த லைனில் வேலை, சாம்பாரில் பூண்டு போடுவார்களா மாட்டார்களா என்பது வரை வாங்கிவிடுவாள். பிறந்தது மண்ணூர். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் கம்பெனியில் சேர்ந்தாள். கல்யாணமாகி படப்பைக்கு வந்தபின், கார்களுக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டுக்கட்டாக முடைந்து அனுப்பும் ஒரு கம்பெனி. புருஷன் ராஜசேகர் தாம்பரம் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரே மகள் அறிவுமதி ஒன்பதாவது படிக்கிறாள்.

தீபாவளி முடிந்த வாரத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த ராஜசேகரிடம் அவள் சொன்னாள்: "வூட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம்னு இருக்கேன்."

"இவளுக்கா?" என்று மகள் பக்கம் கையைக் காட்டினான்.

"எனக்கு போனே போதும்" என்றாள் அறிவுமதி, போனிலிருந்து தலையை எடுக்காமல்.

"எனக்குத்தான்" என்றாள் எழிலரசி.

"உனக்கு இன்னாத்துக்கு?"

எதற்கு என்று அவளுக்கே இன்னும் தெரியாது. ஆசை இருந்தது. கம்பெனியில் ஆபீஸ் ரூம் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போதெல்லாம், இந்தப் பெண்கள் நாள் முழுக்க அதில் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் கடைக்குப் போய் நின்றால் கடைக்காரன் முதல் கேள்வியே "எதுக்கு வேணும்?" என்றுதான் கேட்பான். சரி, முதலில் மற்றவர்கள் வீட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வோம் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் பஸ்ஸில் சசிகலாவைப் பிடித்தாள். அதே லைனில் வேலை செய்பவள், வல்லக்கோட்டைக்காரி.

"உங்க வூட்ல லேப்டாப் கீதுல்ல, இன்னா பண்றீங்க அதுல?"

சசிகலா யோசித்தாள். நெடுநேரம் யோசித்தாள். "ஆயுத பூஜைக்குப் பொட்டு வெப்போம்" என்றாள் கடைசியில்.

பின் சீட்டில் இருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். சசிகலாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொழுந்தனாருக்காக வாங்கியதாம், கேம் ஆடுகிறவர்களுக்கென்றே செய்தது, அம்மிக்கல் கனம். அவன் வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டான். இவர்களுக்கு அதைத் திறக்கவே பயம். "கீழே சிவப்பா லைட்டு எரியும்டி. நைட்ல பாத்தா பிள்ளைங்க அழுவுதுங்க."

மற்றவர்களையும் கேட்டாள். ஒருத்தர் படம் பார்க்கிறோம் என்றார், பிறகு டிவி பெரிதாக வாங்கியதும் விட்டுவிட்டோம் என்றார். ஒருத்தி, மகன் பரீட்சைக்கு மட்டும் திறப்பான் என்றாள். கேட்கக் கேட்க எழிலரசிக்கு ஆச்சரியம்தான் கூடியது. இத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள், ஒருத்தர்கூட எதுக்கு என்று கேட்டு வாங்கவில்லை.

வார லீவில் படப்பை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். அதை நடத்துவது கார்முகில் என்கிற பெண். முப்பது வயது இருக்கும், ஒரு கையில் டீ, ஒரு கையில் மவுஸ்.

"சொல்லுக்கா, இன்னா எடுக்கணும்?"

"ஒண்ணும் எடுக்க வேணாம். எல்லாரும் இன்னா எடுக்குறாங்கன்னு பாக்க வந்தேன். உக்காரட்டா?"

கார்முகில் டீயைக் கீழே வைத்தாள். பிறகு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

மத்தியானம் வரை அங்கே இருந்தாள் எழிலரசி. கரண்ட் பில் கட்ட வந்தார்கள், பட்டா நகல் எடுக்க வந்தார்கள். ரேஷன் கார்டில் மருமகள் பெயர் சேர்க்க ஒரு குடும்பமே வந்தது, மாமியார் கடைசி வரை எழுத்துப் பிழை பார்த்தார். பிகாரிலிருந்து வந்து வேலை செய்யும் பையன்கள் ரயில் டிக்கெட் போட்டார்கள். ஒரு கல்யாண வீட்டுக்காரர் பத்திரிகையைத் தமிழில் அடிக்கச் சொல்லி, பெரியப்பா பெயரை மேலே ஏற்றி, கீழே இறக்கி, மறுபடியும் மேலே ஏற்றினார். அந்த எழுத்துகள் திரையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எழிலரசிக்குத் தோன்றியது: இதை நானே செய்து பார்க்க வேண்டும்.

"தமிழ்ல அடிக்க எவ்ளோ நாள் ஆவும்?"

"இங்கிலீஷ் எழுத்துல அம்மான்னு அடி, அதுவே தமிழா மாத்திக்கும்."

உட்கார்ந்து அடித்தாள். அம்மா வந்தது. இன்னொரு தடவை அடித்துப் பார்த்தாள், மறுபடியும் வந்தது.

அன்று சாயங்காலமே தாம்பரம் ரோட்டில் இருக்கும் பெரிய கடைக்குப் போனாள். ஏசி, கண்ணாடி, கழுத்தில் டை கட்டிய பையன். இருப்பதிலேயே விலை குறைந்த லேப்டாப்பைக் காட்டினான். தட்டு மாதிரி மெல்லிசு, பார்க்க அழகுதான்.

"ஒரு நிமிஷம் தம்பி, கரண்ட் பில் கட்டுற பக்கத்தைத் திற. மூடாத. பக்கத்துலயே ஒரு பாட்டு போடு. அதையும் மூடாம தமிழ்ல அடிக்கிறதைத் திற."

திறந்தான். பாட்டு விக்கியது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"புதுசுல அப்படித்தான் மேடம் இருக்கும், போகப் போக ஸ்பீடாயிடும்."

"வயசானா ஸ்பீடாவுமா?" நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தப் பையன் மேனேஜரைத் தேடிப் போய்விட்டான்.

வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த இசக்கிதுரை, சாத்தான்குளம் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மெஷின்களைப் பராமரிக்கும் வேலை. துணி காயப்போடப் போன எழிலரசி அவனிடம் நடந்ததைச் சொன்னாள்.

"யக்கா, அதுல மெமரி கம்மி. எட்டு ஜிபி இல்லாம எதையும் தொடாதிய. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க, அதை வீட்ட விட்டு வெளிய கொண்டு போவியளா?"

"நான் எங்கப்பா கொண்டு போவப் போறேன்?"

"அப்பம் எதுக்கு மடக்குறது? மேசையில வைக்கிறத வாங்குங்க. ஆபீஸ்ல ஓட்டிட்டுக் கழிச்ச டெஸ்க்டாப்பு வரும், லேப்டாப்புல பாதி விலைகூட ஆவாது. ஹார்டு டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டிருக்கான்னு மட்டும் பாத்துக்கிடுங்க, வேகம் பூரா அதுலதான் கெடக்கு. ஒரே கொறை, கரண்ட் போச்சுன்னா நின்னுரும்."

"கரண்ட் போனா நானும்தான் விசிறிகினு நிப்பேன், அதுவும் நிக்கட்டும்" என்றாள்.

அப்படித்தான் அவள் திரும்பவும் கார்முகிலிடம் வந்தாள். கார்முகில் பழைய டெஸ்க்டாப்புகளைச் சுத்தம் செய்து விற்பதும் உண்டு. செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தாள். கரண்ட் பில், பாட்டு, தமிழ், மூன்றையும் ஒன்றாகத் திறந்தார்கள். பாட்டு விக்கவில்லை. ஆறு மாதம் வாரன்டி, அதைத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தாள். கூடவே ஒரு மானிட்டர், கீபோர்டு, மவுஸ், வைஃபைக்கு நகம் அளவுக்கு ஒரு சின்னத் துண்டு. மானிட்டரில் ஓரமாக ஒரு கீறல் இருந்தது. எழிலரசி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

ராஜசேகர் வந்து கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தினான். காலியாக ஓட்ட அவனுக்கு மனசு வராது, வழியில் கை காட்டியவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டான். மானிட்டர் ஒரு பூக்கார அம்மாள் மடியில் உட்கார்ந்து வந்தது. பெட்டி, மேடு பள்ளமெல்லாம் குதித்துக் குதித்து வீடு வந்து சேர்ந்தது.

எல்லாவற்றையும் மாட்டி பட்டனை அமுக்கினார்கள். ஃபேன் ஓடியது. திரை இருட்டு. உள்ளிருந்து பீப், பீப் என்று ஒரு சத்தம்.

"சொன்னேன்ல, பழசு வாங்காதன்னு" என்றான் ராஜசேகர். அவன் அப்படி எதுவும் சொல்லவே இல்லை. ஆனால் அதைப் பேச அப்போது நேரமில்லை. கொடுத்த காசு போச்சோ என்று எழிலரசிக்குப் பயம் வந்தது. இசக்கிதுரை ஷிப்டில் இருந்தான். கார்முகிலுக்குப் போன் போட்டாள்.

"ஆட்டோல குலுங்கி உள்ள மெமரிப் பட்டை, ராம்னு சொல்லுவாங்க, அது கழண்டிருக்கும்க்கா. நாளைக்கு வந்து மாட்டித் தரேன்."

"நாளைக்கா?" எழிலரசி பெட்டியைப் பார்த்தாள். பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூதான். பயம் இருந்த இடத்தில் இப்போது வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. "நானே தொறந்து பாக்கட்டா? நீ போன்ல சொல்லு."

"ஒயரைப் பிடுங்கிட்டு தொற. முதல்ல இரும்பு எதையாவது தொட்டுக்கோ."

அது அவளுக்குத் தெரியும். போன் கம்பெனியில் மணிக்கட்டில் ஒயர் மாட்டிக்கொண்டு வேலை செய்த நாட்களில், உடம்பில் இருக்கும் மின்சாரம் போர்டைக் கெடுத்துவிடும் என்று தினமும் சொல்வார்கள். ஒயரைப் பிடுங்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டு, மூடியைக் கழற்றினாள்.

உள்ளே அவள் நினைத்த அளவுக்கு எதுவும் இல்லை. பாதிக்கு மேல் காலி இடம்! ஒரு பச்சைப் பலகை, ஒரு விசிறி, தீப்பெட்டியைத் தட்டையாக்கியது போல ஒன்று, அதுதான் எஸ்எஸ்டியாம். இதுவா கரண்ட் பில் கட்டுகிறது, இதுவா பாடுகிறது? ராஜசேகரும் குனிந்தான். அறிவுமதி போனைக் கீழே வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"நீட்டமா ஒரு பட்டை நிக்கும் பாரு, அதை ரெண்டு பக்கமும் சமமா அமுக்கு. டக்குன்னு சத்தம் வரணும்" என்றாள் கார்முகில் போனில்.

அமுக்கினாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். டக். மூடுவதற்குக்கூடப் பொறுக்காமல் ஒயரைச் சொருகி பட்டனை அமுக்கினாள். திரை நீலமாக விழித்துக்கொண்டது. அறிவுமதி கைதட்டினாள். ராஜசேகர், "பரவால்லியே" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனான். அது அவன் வழக்கமாகச் செய்கிற வேலை இல்லை.

இப்போது அந்தப் பெட்டி ஜன்னலோரம் தையல் மெஷின் மேசையில் இருக்கிறது. அறிவுமதி ஸ்கூல் பாடத்துக்குப் படம் தேடுகிறாள். எழிலரசி ஷிப்ட் முடிந்து வந்ததும் கொஞ்ச நேரம் தேடுவாள், தோன்றியதையெல்லாம் தேடுவாள். ஒரு நாள் ஒரு வெளிநாட்டுக்காரர் காரின் முன்பக்கத்தைப் பிரித்துக் காட்டும் வீடியோவைப் பார்த்தாள். உள்ளே, வேர் பரவினாற்போல, ஒயர்க்கட்டு. வீடியோவை நிறுத்தி, திரையிடம் முகத்தைக் கொண்டுபோய், தன் கையால் டேப் சுற்றுகிற வளைவு எங்கே உட்கார்கிறது என்று கண்டுபிடித்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே! இத்தனை வருஷமாக அது பின் விளக்குக்குப் போகிறது என்று நினைத்திருந்தாள். மறுநாள் பஸ் முழுக்க அதே பேச்சு.

தமிழ் அடிப்பதும் கைக்கு வந்துவிட்டது. ராஜசேகர் கேட்டானென்று, 'சில்லறையாகக் கொடுக்கவும்' என்று பெரிய எழுத்தில் அடித்து, கார்முகிலிடம் பிரின்ட் எடுத்து ஆட்டோவில் ஒட்டினாள். ஸ்டாண்டில் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. ஒருத்தர் 'சாய்ந்து தூங்காதீர்' கேட்டார். இன்னொருத்தர் தன் பெண்ணின் பெயரை மட்டும் பூ போட்டுக் கேட்டார். போன வாரம் பெருமாள்சாமி அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எனக்கு, 'கதவை மெதுவாக மூடவும்'னு போட்டுக் குடும்மா."

"உங்க ஆட்டோக்குக் கதவே இல்லியேண்ணா?"

"அதனால இன்னா? சும்மா பாக்க ஜம்முனு இருக்கும்ல" என்றார் அவர்.

எழிலரசி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டு, எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தாள்.