நடக்காத கதைகளுக்கு விலை கேட்டவர்

திருச்சுழி தாலுகா ஆபீஸ் வாசலில், ஒரு வாடிக்கையாளரின் பட்டா மனுவோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். காஜா பாயின் மனைவி நூர்ஜகான் அக்காவின் எண்ணிலிருந்து போன். பேசியது அக்கா இல்லை, பக்கத்து வீட்டுப் பெண். காஜா பாய் காலையில் மவுத்தாகிவிட்டார்கள், அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம், உங்களிடம் அக்கா சொல்லச் சொன்னார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மனுவை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அருப்புக்கோட்டையில் அரை மணி நேரம் பஸ் இல்லை. நான் பந்தல்குடியில் இறங்கும்போது உடலைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிப் போய்விட்டார்கள். முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அக்காவின் பக்கத்தில் இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

பாயைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பந்தல்குடி தாண்டி தூத்துக்குடி ரோட்டில் ஓர் எடை மேடை இருக்கிறது. லாரி ஏறி நிற்கும், உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பார்கள். அங்கே பதினான்கு வருஷம் சீட்டுக் கொடுத்தவர் பாய். கரி லோடு, பஞ்சு லோடு, ஜல்லி லோடு என்று ஒன்று விடாமல் அவர் கண் முன்னால்தான் போகும். அவர் கதை எழுதுவார் என்று தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அப்போதும் விரல் மிச்சமிருக்கும்.

எனக்குப் பாளையம்பட்டியில் ஜெராக்ஸ் கடை. எம்.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டு ஜெராக்ஸ் போடுகிறவள் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். சொல்லட்டும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு பாய் வந்தார். ஒரு நோட்டைக் கொடுத்து டைப் அடிக்கச் சொன்னார். வழக்கமாக நான் எதையும் படித்துக்கொண்டு அடிப்பதில்லை, கை பாட்டுக்குப் போகும். அன்றைக்கு மூன்றாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. இது நிஜமாகவே நடந்ததா என்று கேட்டேன்.

"நடக்கலம்மா. நான் எழுதறதெல்லாம் நடக்காத கதை" என்றார்.

சவூதியில் ஒரு கேம்ப்பில் ஸ்டோர் கீப்பராக இருந்தபோது, ஊருக்குப் போன எவரோ விட்டுச்சென்ற ஓர் அட்டைப்பெட்டி அவர் தலையில் விழுந்ததாம். உள்ளே பழைய இங்கிலீஷ் கதைப் பத்திரிகைகள். வேற்றுக்கிரகம், பேய், நாளைக்கு வரப்போகிற உலகம் என்று கிடந்ததை டிக்ஷனரி வைத்துப் பன்னிரண்டு வருஷம் படித்திருக்கிறார். அந்தக் கிறுக்கு ஊருக்கு வந்தும் தெளியவில்லை.

பாய்க்கு ஒரே ஒரு ஆசை. அவரைத் தெரியாத ஒருவர், முகம் பார்க்காமல், கதையை மட்டும் பார்த்து, காசு கொடுத்து வாங்க வேண்டும். கஷ்டத்துக்காகக் கேட்கவில்லை, அவர்கள் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. "கரி ஏத்துற லோடுமேனுக்குக் கூலி இருக்கு. கதைன்னா மட்டும் ஏம்மா சும்மா கேக்குறாக?" என்பார். தமிழில் அவர் எழுதிக் கேட்காத பத்திரிகை இல்லை. பாதிப்பேர் பதிலே போடவில்லை. ஒருவர் போனில், பேய்க்கதையைச் சிறுவர் பக்கத்துக்கு வேண்டுமானால் போடலாம், சன்மானமெல்லாம் வழக்கமில்லை என்றார். பாய் நன்றி சொல்லி வைத்துவிட்டு, அடுத்த பெயரைப் பார்த்தார். அவருக்குப் பதிலாக நான்தான் அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன்.

அப்புறம் இரண்டு பேரும் வெளிநாட்டைத் தேட ஆரம்பித்தோம். வெள்ளிக்கிழமைதோறும் கடையில் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். எந்தப் பத்திரிகை எந்த மாதம் கதை வாங்கும், பேய் வேண்டுமா ராக்கெட் வேண்டுமா, எத்தனை வார்த்தை, காசு தருவார்களா இல்லை வாழ்த்து மட்டும்தானா, பதில் வர எத்தனை நாள். வருஷத்தில் ஒரே வாரம் கதை வாங்கி மூடிவிடுகிற இடமும் உண்டு. ரேஷனில் மண்ணெண்ணெய் போட்ட காலம் மாதிரி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவர் தமிழில் எழுதுவார், நான் இங்கிலீஷாக்குவேன். அவருக்கு ஒரு வார்த்தை பிடிக்கவில்லை என்றால் வாய் திறந்து சொல்ல மாட்டார். டீயை வைத்துவிட்டுத் தாடியைத் தடவுவார். நான் மாற்றிவிடுவேன். அந்த வெள்ளிக்கிழமைகளில் நான் ஜெராக்ஸ் போடுகிறவள் இல்லை.

அந்தப் பத்திரிகை உலகத்துக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. ஒரு கதை ஓரிடத்தில் இருக்கும்போது இன்னோரிடத்துக்கு அனுப்பக் கூடாது. எங்கேயாவது ஒருமுறை அச்சில் வந்துவிட்டால், அது எத்தனை சின்ன இடமானாலும், பெரும்பாலும் அந்தக் கதையை வாங்க மாட்டார்கள். பாய் இதையெல்லாம் நோன்பு மாதிரி பிடித்தார். ஒரு பத்திரிகை பதினாறு மாதம் பதில் போடாமல் கிடந்தது. வேறு இடம் பார்ப்போம் என்று நான் நச்சரித்தேன். கொடுத்த சொல் அவர்களிடம் இருக்கிறது என்று அசையவே இல்லை. கடைசியில் அந்தப் பத்திரிகை மூடிப்போனது தெரிந்தது.

முதல் காசு ஒரு குட்டிக் கதைக்கு வந்தது. அதை வாங்க பேங்குக்குப் போனால், எந்த வேலைக்காக வெளிநாட்டிலிருந்து வருகிறது என்று படிவத்தில் கேட்டார்கள். கதை விற்றது என்று எழுதினார் பாய். கவுண்டரில் இருந்த பையன் என்ன கதை என்று கேட்க, அவர் நின்ற இடத்திலேயே முழுக்கதையையும் சொல்ல, பின்னால் வரிசை கொதித்துவிட்டது. கால் கிலோ காராச்சேவோடு கடைக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். ஆனால் அது குட்டிக் கதை. அவர் மனசு வேறொரு கதையில் இருந்தது.

அந்தக் கதையை மட்டும் இங்கே சொல்லலாம். ஓர் எடை மேடைக்குத் தினமும் ஒரு காலி லாரி வரும். சீட்டில் ஓர் ஆள் எடை கூடுதலாகக் காட்டும். லாரியில் டிரைவரைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். சீட்டுக் கொடுக்கிறவர் அந்த இல்லாத ஆளோடு பேசப் பழகிவிடுவார். ஒருநாள் லாரி சரியான எடையோடு வரும். அன்றைக்குச் சாயங்காலம் அவர் தானே போய் மேடையில் ஏறி நிற்பார். உள்ளே முள் சைபரில் நிற்கும். அவ்வளவுதான் கதை. அதை இங்கிலீஷாக்கிய இரண்டு மாதமும் எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. அதைப் பெரிய பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்து நம் வாசகர் வட்டத்தின் ஆண்டு மலர் வேலை என் கடைக்கு வந்தது. அச்சுக்குப் போகிற அன்று ஒரு விளம்பரக்காரர் பின்வாங்கிவிட்டார். இரண்டு பக்கம் காலி. கம்ப்யூட்டரில் பாயின் தமிழ்க்கதை இருந்தது. நம் ஊரில் இப்படி ஒருவர் எழுதுகிறார் என்று நாலு பேருக்குத் தெரியட்டுமே என்று அதை எடுத்துப் போட்டுவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை. மலரைக் கையில் கொடுத்து முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. இங்கிலீஷ்தானே அங்கே போயிருக்கிறது, தமிழ் வேறுதானே என்றும் நினைத்துக்கொண்டேன். பட்டியலை என் கையால் போட்டவள் நான். எந்த மொழியிலும் வந்திருக்கக் கூடாது என்று அந்தப் பத்திரிகையின் பெயருக்கு எதிரே அடித்தவளும் நான்.

மலரை அவர் கையில் கொடுத்த மூன்றாம் வாரத்தில் கடிதம் வந்தது. கதையை எடுத்துக்கொள்கிறோம், எந்த மொழியிலும் இதற்கு முன் வெளிவரவில்லை என்று மட்டும் உறுதி சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேரும் அதைக் கடைக் கம்ப்யூட்டரில்தான் படித்தோம். நான்தான் முதலில் பேசினேன். பாளையம்பட்டியில் அச்சடித்த மலரை எந்த வெள்ளைக்காரன் பார்க்கப்போகிறான், வரவில்லை என்று எழுதிவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"அவுக பாக்க மாட்டாகதான். நான் பாத்துட்டேனேம்மா" என்றார்.

உள்ளதை எழுதினார். வருத்தத்தோடு கதையைத் திருப்பிவிட்டார்கள். பாய் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டு அடுத்த வாரமே பழையபடி ஆகியிருப்பேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார், டீ குடித்தார், சர்க்கரை ஏறியிருக்கிறது, இந்த வருஷமும் மழை ஏமாத்திப்புடும் என்றார். நோட்டு வரவில்லை. போனிலேயே தட்டச்சு செய்யவும், தட்டுத்தடுமாறித் தானே இங்கிலீஷாக்கவும் பழகிக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. நாலு வருஷம் அப்படியே போனது. எதிரே உட்கார்ந்திருக்கிறவரிடம் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மன்னித்துவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. எத்தனை வெள்ளிக்கிழமை இருந்தது, எல்லாவற்றையும் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் போட்டே கழித்தேன். பாய் டீ குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்தக் கதைகளைப் பற்றிப் பேச எனக்கு இந்தச் சீமையில் வேறு ஆள் கிடையாது.

பத்து நாள் முன்னால் வாசகர் வட்டத் தலைவர் போன் செய்தார். பாய்க்கு அஞ்சலி மலர் போடுகிறோம், அச்சில் வராத கதைகள் இருந்தால் எல்லாவற்றையும் கொடும்மா, பெரிய புண்ணியம் என்றார். அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அக்கா இத்தாவில் இருக்கிறார்கள், நாலு மாதம் பத்து நாள் வெளியே வர மாட்டார்கள். நான் போனேன். பாயின் போனை என்னிடம் கொடுத்தார்கள். பதினொரு கதை இருந்தது. பட்டியலும் இருந்தது, நான் போட்ட கட்டங்களிலேயே, போன மாதம் வரை எழுதப்பட்டு.

மலருக்குக் கேட்கிறார்கள் என்று சொன்னேன். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். "எனக்கு என்ன தெரியும்? அவுகதான், எனக்குப் பெறகு எல்லாத்தையும் பாளையம்பட்டிப் புள்ளைட்ட குடுத்துருன்னாக. அது இனி ஒரு வரியக்கூட யாருக்கும் சும்மா குடுக்காதுன்னு சொல்லிச் சிரிச்சாக" என்றார்கள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

தலைவரிடம் கதை கிடையாது என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம். செத்தவர் கதைக்குக் கூடவா காசு என்று கேட்டார். ஆமாம், அதற்கும்தான் என்றேன். கதைக்குப் பதிலாகத்தான் இதை எழுதிக் கொடுக்கிறேன். எழுத்தாளருக்கு அஞ்சலி என்கிறாள், அவர் எழுத்திலிருந்து ஒரு வரி காட்டவில்லையே என்று யாராவது கேட்டால், காட்டக்கூடாது. காட்டினால் அது அச்சில் வந்ததாகிவிடும்.

நேற்று வெள்ளிக்கிழமை. பதினொன்றில் முதல் கதையை, அவர் இங்கிலீஷை அதிகம் தொடாமல், ஓர் இடத்துக்கு, ஒரே ஓர் இடத்துக்கு அனுப்பினேன். எழுதியவர் இப்போது இல்லை, மனைவியின் சம்மதத்தோடு அனுப்புகிறேன் என்று மேலே எழுதினேன். கடைசியில் ஒரு சின்னக் கட்டம் கேட்டது: இந்தக் கதை இதுவரை எங்கும், எந்த மொழியிலும் வெளிவரவில்லைதானே? பட்டியலை எடுத்து இன்னொரு தடவை சரிபார்த்தேன். டிக் போட்டேன். பொய் இல்லை, பாய். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.