கதவில் மாட்டிக்கொண்ட குளியல் தொட்டி

எங்கள் அத்தை வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். தெருவில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். யாராவது பேன்ட்டை நீட்டினால், "மறுபடியும் தையல் பிரிச்சு விடணுமா? வாயைக் கொஞ்சம் கட்டுப்பா" என்பாள். கோபித்துக்கொண்டு போனவர் ஒருவரும் இல்லை. அடுத்த மாதம் அதே பேன்ட்டோடு வந்து நிற்பார்கள்.

அப்படி ஊரையே அதட்டுகிறவள், தான் குளியலறையில் விழுந்ததைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. தொட்டியின் விளிம்பைத் தாண்டும்போது கால் இடறியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி வழியாக விஷயம் வெளியூரிலிருக்கும் அவள் மகன் காதுக்குப் போய்விட்டது. "சனிக்கிழமை வர்றேன். உன்னால தனியா குளிக்க முடியலேன்னா என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று மகன் போனில் கறாராகச் சொன்னான். "அப்ப கடை?" என்று கேட்டாள் அத்தை.

ஆகவே தொட்டியை எடுத்துவிட்டு, சுவரில் கைப்பிடி வைத்து ஷவர் போடுவதென்று முடிவானது. வார்ப்பிரும்புத் தொட்டி, யானைக் கனம். காலமாகிவிட்ட மாமா ஆசை ஆசையாய் வாங்கிப் போட்டது. அவர் அதில் படுத்துக்கொண்டு பாடும்போதெல்லாம், கடைக்கு வந்தவர்களிடம் அத்தை "குழாய் ரிப்பேர்" என்று சமாளிப்பாள்.

பிளம்பர் சம்மட்டியோடு வந்தார். உடைத்துத்தான் எடுப்பாராம். மாமாவின் தொட்டி உடைவதை அத்தை தாங்கமாட்டாள் என்று நானாக நினைத்துக்கொண்டு, முழுசாகவே எடுக்கச் சொன்னேன். இருவரும் முக்கி முனகித் தள்ளினோம். அது கதவில் மாட்டிக்கொண்டு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. உள்ளே பிளம்பர், வெளியே நான்.

அத்தை கையில் ஊசியும் நூலுமாக எழுந்து வந்தாள்.

"என்னடா கூத்து இது?"

"உனக்கு மனசு கஷ்டப்படுமேன்னுதான் அத்தை..."

"மனுஷன் போனதுக்கே அழுது முடிச்சாச்சு. தொட்டிக்கு வேற அழணுமா? உடைங்க தம்பி. சனிக்கிழமை நான் குளிச்சாகணும்."

அவளே போய் மாமாவின் பழைய கம்பளியை எடுத்துவந்து, சில்லு தெறிக்காமல் இருக்கத் தொட்டியின்மேல் விரித்தாள். ஓரத்தை இழுத்துச் சரிசெய்த கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு கடைக்குப் போய் உட்கார்ந்தாள். உள்ளே சம்மட்டி விழ விழ, முன்னறையில் தையல் மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் ஷவரும் கைப்பிடியும் வந்துவிட்டன. சனிக்கிழமை மகன் வந்தான். கைப்பிடியை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். அத்தை உள்ளே போனதும் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தான். அவன் முகத்தில் அவ்வளவு பயம் இருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. "அம்மா, பிடிச்சுக்கிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவன் எழுந்து கதவைத் தட்டக் கை ஓங்கினான்.

கதவு திறந்தது. தலையில் துண்டோடு அத்தை நின்றாள். வேர்த்திருந்த அவன் நெற்றியைத் துண்டின் நுனியால் துடைத்துவிட்டாள்.

"குளிச்சாச்சு. சாப்பிட்டுட்டு நீ மட்டும் கிளம்பு."