முப்பத்தாறு கிண்ணம் பாயசம்

பதினான்கு வருடம் அங்கன்வாடியில் ஆயாவாக இருந்தேன். எண்ணூரில், குப்பத்துக்குள் ஒற்றை அறை. எதிரே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி. காலையில் முதல் வேலை ஜன்னலில் படிந்த சாம்பலைத் துடைப்பது, அடுத்தது பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பது. பிறகு சமையல், கதை, பாட்டு, சண்டை விலக்குவது எல்லாம் நான்தான்.

டீச்சருக்குப் போன்தான் வேலை. இதைக் குறையாகச் சொல்லவில்லை என்று எழுதலாம்; ஆனால் அப்போது குறையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிள்ளையின் எடையைப் போனில் ஏற்ற வேண்டும், உயரத்தை ஏற்ற வேண்டும், முகத்தைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும். அறைக்குள் சிக்னல் கிடையாது. தெருமுனை அடிபம்புக்குப் பக்கத்தில் நின்றால்தான் கிடைக்கும். பாதி நாள் அவர் அங்கேதான் நிற்பார். அதனால் பிள்ளைகள் என்னை ‘டீச்சர்’ என்றும் அவரைப் ‘போன் டீச்சர்’ என்றும் கூப்பிட்டன.

கூப்பிடக் கூப்பிட எனக்கு நிஜமாகவே டீச்சராகும் ஆசை வந்துவிட்டது. பத்தாவது பாஸ் செய்த ஆயாவுக்குப் பதவி உயர்வு உண்டு என்று அரசாங்க விதி. நான் நாலு பாடம் பாஸ், கணக்கில் மட்டும் அந்தக் காலத்திலேயே ஊத்திக்கொண்டது. டீச்சர் ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது. அதற்குள் நான் பாஸாகாவிட்டால் வெளியிலிருந்து பன்னிரண்டாவது படித்த யாராவது வந்து உட்காருவார்கள். நான் தூக்கி வளர்த்த பிள்ளைகளுக்கு நேற்று வந்தவள் டீச்சரா? வயிறு எரிந்தது. பரீட்சைக்குப் பணம் கட்டினேன்.

பாடம் சொல்லிக் கொடுத்தவள் என் மகள், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பொறுமை என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது, என்னைக் கொண்டு பிறந்தவள்.

“யம்மா, உருளைன்னா இன்னா?”

நான் புத்தகத்தைப் புரட்டினேன்.

“நீ சோறு ஆக்குற குண்டான்மா! அரைக்கோளம்னா பாயசக் கிண்ணம். இப்ப சொல்லு, மண்டைல ஏறுதா?”

ஏறியது. குண்டானும் கிண்ணமுமாக அந்தப் பாடம் முழுக்க ஏறிவிட்டது.

குண்டான் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பதிவேட்டில் இருபத்திரண்டு பிள்ளைகள். நான் வைப்பதோ இருபத்திநாலு தட்டு. கன்டெய்னர் யார்டில் வேலை செய்த ஒரு வடக்கத்தி ஜோடிக்கு இரண்டு குழந்தைகள். இருந்த பேப்பர் எல்லாம் ஊர் விலாசத்தில் இருந்ததால் பதிவேட்டில் பெயர் ஏறவில்லை. சோற்று நேரத்துக்கு மட்டும் டாண் என்று வந்துவிடும். அந்தக் குடும்பம் ஊருக்குப் போனால் வேறு ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு வந்து நிற்கும். எல்லாத் தட்டிலும் ஒரு பிடி குறைத்து அந்த இரண்டு தட்டைத் தேற்றிவிடுவேன்.

டீச்சருக்கு இது தெரியவே தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். கரண்டியை எடுத்தால் போதும், போனை மூக்குக்கு நேரே தூக்கிக்கொள்வார். சோறு போடும்போதுகூடவா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“மேலிடத்துலேந்து மெசேஜ் வந்துகினே கீதும்மா” என்றார், தலையைத் தூக்காமல்.

பரீட்சை ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். திருவொற்றியூரில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொள்ள, இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். அறையில் ஒரே கூச்சல். என்னையறியாமல் மேசையில் இரண்டு தட்டு தட்டி, “கைய கட்டு, வாய பொத்து!” என்று குரல் கொடுத்துவிட்டேன். மீசை வைத்த ஆம்பளைகளெல்லாம் கையைக் கட்டினார்கள். கேள்வித்தாளோடு உள்ளே வந்த சாரும் ஒரு நொடி வாசலிலேயே நின்றுவிட்டார்.

தாளைப் பிரித்தால், என் குண்டான்! உருளை வடிவப் பாத்திரம் நிறையப் பாயசம். ஆரம் பன்னிரண்டு, உயரம் முப்பத்தாறு சென்டிமீட்டர். ஆறு சென்டிமீட்டர் ஆரமுள்ள அரைக்கோளக் கிண்ணங்களில் ஊற்றினால் எத்தனை கிண்ணம் நிரம்பும்? சிரிப்பை அடக்கிக்கொண்டு வரிவரியாகப் போட்டேன்.

சாயங்காலம் மகள் கேள்வித்தாளைப் பிடுங்கினாள். “இது முப்பத்தாறு. நீ இன்னா எழுதுன?”

“முப்பத்திநாலு.”

“எப்டிமா?”

“முப்பத்தாறுதான் வந்துச்சு. ரெண்ட எடுத்து வெச்சேன்.”

“யாருக்கு?”

“பேர் இல்லாத புள்ளைங்க யாராவது வந்தா?”

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “யம்மா, அது பரீட்சைமா! அங்க யாரு வர்றது சோறு துன்ன?”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வருட உழைப்பை என் கையே கெடுத்துவிட்டதே என்று என்மேலேயே ஆத்திரம். ஆனால் பதினான்கு வருடம் பழகிய கை, பரீட்சை என்றால் சும்மா இருக்குமா?

முப்பத்தைந்து மார்க் வந்தது. பாஸ். திருத்திய புண்ணியவான் யாரோ, விடையை அடித்துவிட்டு வழிக்கு மார்க் போட்டிருந்திருக்க வேண்டும். அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

டீச்சர் ஓய்வு பெற்ற அன்று போனை என் கையில் வைத்து, “சோறு போடுற நேரத்துல இது கண்டிப்பா கையில இருக்கணும்” என்றார். இதுவும் ஏதோ அரசாங்க உத்தரவு போலிருக்கிறது என்று தலையாட்டினேன்.

புது ஆயாவாக வந்த பெண் பி.காம். டீச்சர் பத்தாவது, ஆயா டிகிரி. விதியில் இதற்கும் இடம் இருந்தது. முதல் நாளே கரண்டியோடு என் முன்னால் வந்து நின்றாள்.

“டீச்சர், ரிஜிஸ்டர்ல இருபத்திரண்டு பேரு. இங்க இருபத்திநாலு குந்திக்கினு கீது. ரெண்டு புள்ளைங்களுக்குப் பேரே இல்ல. இன்னா பண்றது?”

வரிசைக் கடைசியில் அந்த இரண்டும் தட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தன. ஆயாவாக இருந்தால் கேட்காமலே போட்டிருப்பேன். ‘போடு’ என்று டீச்சர் சொன்னால் நாளைக்கு மேலே பதில் சொல்லியாக வேண்டும். ‘போடாதே’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. பார்த்துவிட்டால் இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போனை மூக்குக்கு நேரே தூக்கினேன்.

“மேலிடத்துலேந்து மெசேஜ் வந்துகினே கீதும்மா” என்றேன்.

அவள் திரும்பிப் போனாள். பிறகு கரண்டி குண்டானில் இடிக்கும் சத்தம் கேட்டது. தலையைத் தூக்காமல் எண்ணினேன். இருபத்திநாலு தட்டு.

போனில் ஒரு மெசேஜும் இல்லை. அந்த அறைக்குள் எந்தக் காலத்தில் சிக்னல் கிடைத்தது? பழைய டீச்சரை எத்தனை பேரிடம் குறை சொல்லியிருப்பேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

ஒரு வாரத்துக்குள் பிள்ளைகள் அந்தப் பெண்ணை ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டன. நான் போன் டீச்சர்.