புதன்கிழமை மணி

நாங்கள் குடியேறிய இந்த இங்கிலாந்துக் கிராமத்தில் சர்ச்சும் பப்பும் எதிரெதிரே முறைத்துக்கொண்டு நிற்கின்றன. எது மூத்தது என்று கேட்டால் ஊர் இரண்டுபடும். பழைய டெலிபோன் பெட்டிக்குள் நூலகம் வைத்திருக்கிறார்கள். வேலிக்கு அப்பால் நின்று மழையைப் பற்றி அன்பாகப் பேசுவார்கள். ஆனால் ஐந்து மாதமாக எங்கள் வாசல்படி ஏறியவர் ஒருவருமில்லை. “நாம செத்தாலும் இஞ்ச ஆரும் எட்டிப் பாக்கமாட்டாவ” என்று என் மனைவி சுஜா சொன்னபோது சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

ஒரு புதன் சாயங்காலம் சர்ச் மணி அடிக்கத் தொடங்கியது, நிற்கவே இல்லை. அருமனைப் பக்கம் எங்கள் ஊரில் நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் மரணம். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் அக்கம்பக்கத்தார் பாலில்லாத கட்டஞ்சாயா கொண்டுபோவார்கள். “இம்புட்டு நேரம் அடிக்காவன்னா பெரிய ஆளாத்தான் இருக்கும். வெறுங்கையோட போவாண்டாம்” என்று சுஜா பெரிய பிளாஸ்க் நிறையப் போட்டுத் தந்தாள். நாம் போனால்தானே நாளை நமக்கும் வருவார்கள்? வெள்ளைச் சட்டை போட்டு, முகத்தையும் அதற்கேற்ப வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கோபுரத்தடியில் ஐந்து பேர் ஆளுக்கொரு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மையாரிடம் குரலைத் தாழ்த்தி, “யார்?” என்றேன்.

“டேவிட்.”

“வயது?”

“எண்பத்திரண்டு.”

“ரொம்பக் கஷ்டப்பட்டாரா?”

“முழங்கால் மட்டும்தான். ஆனாலும் ஒரு புதன்கூடத் தவறமாட்டார். அதோ, மற்றவர்களுக்குக் கட்டளை கொடுத்து அடிக்கிறாரே!”

டேவிட் கயிற்றை விடாமல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

வாராவாரம் மணியடித்துப் பழகுகிறார்களாம்; கோபுர மராமத்துக்காக ஆறு மாதம் நிறுத்திவைத்து, அன்றுதான் மறுபடி தொடங்கினார்களாம். எங்கள் ஊருக்கு மணியைக் கொண்டுவந்த வெள்ளைக்கார மிஷனரி இந்த விஷயத்தை மட்டும் சொல்லாமல் போய்விட்டார். வந்த காரணத்தைச் சொன்னேன். சிரித்து ஓய்ந்ததும், தன் சாவுக்கான சாயாவை டேவிட்டே முதலில் வாங்கிக் குடித்தார். மறுநாள் பிளாஸ்கைத் திருப்பித் தர வாசல்படி ஏறி வந்தவர், இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார்.

ஒரு கயிற்றுக்கு ஆளில்லாமல் இருந்தது. இப்போது அது என்னுடையது. மணியடிப்பவர் இறந்தால் மற்றவர்கள் எல்லாரும் கூடி, மணி நாக்கில் தோல் கட்டி, சத்தத்தைத் தணித்து அடிப்பார்களாம். சுஜாவிடம் சொன்னேன். “அதெல்லாம் செரி, சாயா கொண்டு வருவாவளா?” என்றாள்.

போன வாரம் ஊரிலிருக்கும் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது அங்கே சர்ச் மணி கேட்டது. ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று. “ஆரு மரிச்சான்னு தெரியலியே மக்கா, போய்ப் பாத்துட்டு வாறேன்” என்று வைத்துவிட்டாள். என் கால் செருப்பைத் தேடியது. கை தலைக்கு மேலே உயர்ந்து கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தது.