ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

சுடர்விழி சேதராப்பட்டுப் பெண். அவள் அப்பா சுப்பிரமணியன் துணி மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடியபிறகு தொழிற்பேட்டையில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அந்த வீட்டில் எம்.ஏ. வரை போன முதல் ஆள் சுடர்விழிதான். படித்தது உளவியல். "பைத்தியம் புடிச்சவங்களுக்கு வைத்தியம் பாப்பியா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்துப் போயிருந்தபோதுதான் அவளுக்கு அந்த ஃபெலோஷிப் கிடைத்தது. காசநோய்த் தடுப்பில் மனிதர்களின் நடத்தையைப் பற்றிய ஆராய்ச்சி, இரண்டு வருஷம்.

வேலை இதுதான். வீட்டில் ஒருவருக்குக் காசநோய் வந்தால், கூட இருப்பவர்களுக்குள்ளும் கிருமி புகுந்து சும்மா தூங்கிக்கொண்டிருக்கலாம். அது விழித்துக்கொள்ளாமல் இருக்க வாரத்துக்கு ஒருநாள் என்று பன்னிரண்டு வாரம் மாத்திரை போட வேண்டும். ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் போடுவதில்லை. ஏன் போடுவதில்லை என்று சுடர்விழி வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும்.

உப்பளம் என்ற பகுதியில் ஒரு வரிசை வீடு. எட்டுக் குடும்பத்துக்கு ஒரே குழாய், ஒரே கக்கூஸ். அங்கேதான் அன்னக்கிளி இருந்தாள். அவள் புருஷன் காத்தவராயன் மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஐஸ் உடைப்பவன். இரண்டு மாதம் விடாமல் இருமி, எடை குறைந்து, கடைசியில் காசநோய் என்று தெரிந்து மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அன்னக்கிளிக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்திருந்தார்கள். சுடர்விழி போகும்போதெல்லாம் அவள் காலி அட்டையை எடுத்துக் காட்டுவாள். "போட்டுட்டேன் பாப்பா. எழுதிக்க" என்பாள். இவளும் எழுதிக்கொள்வாள்.

ஆறு மாதம் கழித்து, களப்பணியில் இருந்தவர்களுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். சுடர்விழிக்கு உள்ளே கிருமி இருந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, நோயும் இல்லை. தடுப்பு மாத்திரையை மட்டும் போடச் சொன்னார்கள்.

அந்த வாரம்தான் வில்லியனூரிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா தையல்நாயகி மாத்திரை அட்டையைப் பார்த்ததும் வாசல் கதவைச் சாத்தினாள்.

"இதுமேல என்னா எழுதியிருக்குதுன்னு அவங்களுக்குப் படிக்கத் தெரியாதா? கல்யாணம் முடியட்டும்டி. அப்பறமா போட்டுக்க."

"எனக்கு நோவு இல்லம்மா. வராம இருக்கத்தான் இது."

"அத நீ ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருப்பியா?"

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சுடர்விழிக்குத் தெரியும். நாற்பது வீட்டில் சொன்ன பதில்தான். ஆனாலும் அட்டையை பீரோவில் துப்பட்டாக்களுக்கு அடியில் வைத்தாள். அடுத்த ஞாயிறு போடலாம் என்று நினைத்தாள். அப்படியே நாலு ஞாயிறு போனது.

அடுத்த முறை உப்பளம் போனபோது அன்னக்கிளி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் சுடர்விழி, "எனக்கும் அதே மாத்திரைதான்க்கா குடுத்துக்கிறாங்க" என்றாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அன்னக்கிளி நிமிர்ந்து பார்த்தாள். "போட்டியா?"

"போட்டேன்."

"ஒண்ணுக்கு எப்டி போச்சு?"

"எப்டின்னா? எப்பவும் போலத்தான்."

அன்னக்கிளி கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டுச் சிரித்தாள். "பொய் சொல்ற பாப்பா. அத போட்டா ஒண்ணுக்கு செவப்பா போவும். மொத வாரமே பயந்துபூட்டேன் நான்."

சுடர்விழிக்குக் காது சூடேறியது. நிறம் மாறும் என்று அவள் படித்திருந்தாள். அவளுடைய கேள்வித்தாளில் பக்கவிளைவுகள் என்று ஒரு வரியும் இருந்தது. அதை அவள் தன்னோடு சேர்த்து நினைத்துப் பார்த்ததே இல்லை.

"நானும் பொய்தான் சொன்னேன்" என்றாள் அன்னக்கிளி, குரலைத் தாழ்த்தி. "ரெண்டு வாரம்தான் போட்டேன். கக்கூஸ்ல செவப்பப் பாத்துட்டு பக்கத்து வூட்டு வீராயி, புருஷனுக்கு வந்தது பொண்டாட்டிக்கும் வந்துடுச்சி, ரத்தமா போவுதுன்னு கொழாயடியில சொல்லிட்டா. அதோட மாத்திரைய பிச்சிப் பிச்சி சாக்கடையில போட்டுட்டேன். நீ எதுக்குப் போடல?"

சுடர்விழி வில்லியனூர் சங்கதியைச் சொன்னாள். கேட்டுக்கொண்டே அன்னக்கிளி அடுத்த மீனைக் கழுவினாள். பிறகு, "உனக்கும் ஒரு வீராயி இருக்கறா" என்றாள்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிற நர்ஸ் சுமலதாவிடம் போய் உள்ளதைச் சொன்னார்கள். நர்ஸ் திட்டவில்லை. டாக்டரைக் கேட்டு, அன்னக்கிளியை மறுபடி பரிசோதித்து, முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டபிறகு என்று இருவரும் முடிவு செய்தார்கள். யார் முதலில் போடுகிறார்களோ அவர்கள் மற்றவருக்குப் போன் செய்ய வேண்டும்.

அன்னக்கிளி குழாயடியில் எல்லோர் எதிரிலும் பேசிவிட்டாள். "அது ரத்தம் இல்லடி, மாத்திரை கலரு. சந்தேகம்னா நீயும் ஒண்ணு போட்டுப் பாரு." வீராயி அதன்பிறகும் ஒரு மாதம் தன் குடத்தைத் தள்ளித்தான் வைத்தாள்.

சுடர்விழி வில்லியனூர் மாப்பிள்ளையிடம் தானே போனில் சொன்னாள். அவன் பொறுமையாகத்தான் கேட்டான். பத்து நாள் கழித்து, ஜாதகம் ஒத்துவரவில்லை என்று அவன் வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அம்மா இரண்டு நாள் இவளோடு பேசவில்லை. சுடர்விழி மொட்டைமாடிக்குப் போய் அழுதாள். அவனைப் பிடித்திருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. மாத்திரை போடத் தொடங்கிய மூன்றாவது ஞாயிறு, சாப்பிட்ட தட்டை எடுக்க வந்த அம்மா, ஒரு சொம்புத் தண்ணீரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

தன் ஆராய்ச்சியை மேற்பார்வை செய்த அறிவுமதி மேடத்திடம் சுடர்விழி தன் கதையையும் மறைக்கவில்லை. காலி அட்டையைப் பார்த்துவிட்டுத் தான் எழுதிய கணக்கெல்லாம் தப்பாக இருக்கலாம் என்றும் சொன்னாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப மறுபடியும் எல்லா வீட்டுக்கும் போவணுமே, சுடர்?"

"போறேன் மேடம். மொதல்ல நான் போடாததச் சொல்லிட்டு, அப்பறமா கேக்கறேன்."

நாற்பது வீட்டுக்கும் மறுபடி போக மூன்று மாதம் ஆனது. பலர் போனமுறை போட்டுவிட்டதாகச் சொன்ன பதில் இந்தமுறை மாறியது. சிலர் கோபித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கலர் மாறும் என்று முன்னமே சொல்லியிருந்தால் போட்டிருப்போம் என்று பதினோரு பேர் சொன்னார்கள்.

காத்தவராயன் தேறி வேலைக்குப் போகத் தொடங்கினான். நடுவே காய்ச்சலில் ஒரு வாரம் தவறியதால் அன்னக்கிளி பதின்மூன்றாவது ஞாயிறுதான் முடித்தாள். அன்று அவளே போன் செய்தாள்.

"முடிஞ்சிபோச்சி பாப்பா. நாளைக்கு வரியா? வீராயி உங்கிட்ட இந்த மாத்திரையப் பத்தி என்னமோ கேக்கணுமாம். எங்கிட்ட கேக்க வெக்கப்படுறா."