ஒரே அண்டாச் சோறு

நேற்று புளியங்குடி சாலையில் சீரகச் சம்பா வேகும் வாசம் வந்ததும், சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முன்பு இருந்த, இப்போது செல்போன் கடையாகிவிட்ட பாயின் பிரியாணிக் கடைக்குள் மனம் போய் உட்கார்ந்துகொண்டது. என் சிறுவயதில் அங்கே வசதியுள்ளவர்களுக்குப் பிரியாணி, அம்மாவுக்கும் எனக்கும் கறித்துண்டு இல்லாத குஸ்கா. கறியைச் சோற்றுக்கு அடியில் புதைத்து வைப்பது பாயின் வழக்கம் என்பதால், யார் இலையில் எது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிர் பெஞ்சில் எங்கள் தெரு ஜவுளிக்கடைக்கார அத்தை இருந்தார்.

"ஏட்டி, ஒனக்கு எத்தன துண்டு வந்துச்சு?"

உண்மையைச் சொன்னால் தெரு முழுக்கப் பரவிவிடும் என்று பயந்து, அம்மாவைப் பார்த்தபடி வெறும் சோற்றைக் கிளறினேன். வாரமெல்லாம் தறியில் நிற்கும் அம்மா, வாயிலிருந்ததை நிதானமாக விழுங்கினாள்.

"நாங்க குஸ்காதான் சொன்னோம் மதினி. ஒங்க கறி வெந்த அண்டாவுலதான் எங்க சோறும் வெந்துச்சு. துண்டு ஒங்களுக்கு, ருசி பூரா இங்கன எறங்கிட்டுல்லா."

அத்தையே சிரித்துவிட்டார்.

அடுத்த முறை போனபோது, அம்மா சொல்வதற்கு முன்பே நான் சொன்னேன், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி: "பாய், ரெண்டு குஸ்கா."